எண்ணம்மாவின் ஒற்றைச் சொல்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எங்கள் குடும்பத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், அலமாரியில் நான் அடுக்கி வைத்த டம்ளர்களை எல்லாம் வெளியே எடுத்து, துடைத்து, எண்ணி, மறுபடி அடுக்கியவர் அவர். பன்னிரண்டு வாங்கினோம், பதினொன்றுதான் இருக்கிறது என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பன்னிரண்டாவது டம்ளர் என் கையில் இருந்தது. நான் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எலியும் பூனையுமாக ஆனவர்கள்தான் நாங்கள். இருந்தாலும் இதை எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்த ஆள் நான் ஒருத்திதான்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரே ஆஸ்பத்திரியில். நான் இரண்டாவது மாடி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவர் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கிருமி நீக்கப் பிரிவில் உதவியாளர். ஆப்பரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, எந்த ஆப்பரேஷனுக்கு எது வேண்டுமோ அதைச் சேர்த்து, துணியில் பொட்டலமாகக் கட்டி, நீராவி இயந்திரத்தில் வேகவைத்து மேலே அனுப்புவார்கள். அப்படி ஒரு பொட்டலத்துக்கு அங்கே 'செட்' என்று பேர். வயிற்று செட், எலும்பு செட், பிரசவ செட். என் நாத்தனார் கட்டும்போது வாய்விட்டு எண்ணுவார். கட்டுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, சந்தேகத்துக்கு ஒரு முறை. அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு எண்ணம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பேரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

உதவியாளர் என்பது மரியாதைக்காகச் சொல்வது. எடுபிடி என்பதுதான் நிஜம். தரை துடைக்க ஆள் வரவில்லையா, எண்ணம்மாவைக் கூப்பிடு. இயந்திரம் முனகுகிறதா, எண்ணம்மாவைக் கூப்பிடு. எல்லா வேலைக்கும் அவர் வேண்டும், எந்த வேலைக்கும் அவர் கையெழுத்து வேண்டாம். கையெழுத்துப் போடுகிறவர் இன்சார்ஜ்.

அந்தக் கையெழுத்து எண்ணம்மாவுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், இயந்திரத்திலிருந்து வந்த பொட்டலம் ஒன்றின் அடியில் ஈரம் இருந்தது. உலர்ந்த துணியைத் தாண்டிக் கிருமி போகாது. ஈரத் துணி என்றால் அதற்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. இதை மேலே அனுப்பக் கூடாது என்று எண்ணம்மா கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவசரம் தாங்காமல் தானே இறங்கி வந்த ஒரு டாக்டர், "போம்மா, உனக்கென்ன தெரியும். இன்சார்ஜ் கையெழுத்து இருக்குல்ல" என்று சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆப்பரேஷன் ஒரு லாரி டிரைவருக்கு. தையல் சீழ் பிடித்து ஏழு வாரம் படுத்துக் கிடந்தார் மனிதர். அந்தப் பொட்டலத்தால்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. ஆனால் ஏழு வாரமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணம்மா அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எதற்கு வருகிறார் என்று அந்த டிரைவருக்குக் கடைசி வரை தெரியாது. அவர் வீட்டுக்குப் போன அன்று, எண்ணம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னாராம், கையெழுத்து என்னிடம் இருந்திருந்தால் அந்தப் பொட்டலம் படி ஏறியிருக்காது என்று. என் நாத்தனார் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் என்று நான் கூப்பிடுவது அவர் வீட்டுக்காரரைத்தான். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற பெயிண்டர், பொய் சொல்லத் தெரியாதவர்.

பதினைந்து வருடம் வேலை பார்த்த உதவியாளர்களும் இன்சார்ஜ் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகலாம் என்று ஒரு விதி வந்தது. மூன்று முறை வாய்ப்பு, அதற்கு மேல் கிடையாது. தேர்வு ஆங்கிலத்தில். இயந்திரம் ரிப்பேர் பார்க்க வருகிறவர்களும் தேர்வு நடத்த வருகிறவர்களும் வெளியூர்க்காரர்கள், நம் மொழி ஒரு சொல் தெரியாது. எண்ணம்மா எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்.

முதல் முறை, உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எண்ணம்மா கேட்டவரின் சட்டைப் பையில் இருந்த பேனாக்களை எண்ணிக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். மூன்று பேனாவாம். இரண்டாம் முறை, சுத்தத்தின் பெருமை என்று ஒரு பக்கக் கட்டுரையை உருப்போட்டுக்கொண்டு போனார். இயந்திரம் பாதியில் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கட்டுரையைச் சொன்னார். எத்தனை பேர் வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். விட்ட இடத்திலிருந்து கட்டுரையைச் சொன்னார். கடைசியில் அவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புச் செய்தி அவர் படி இறங்குவதற்குள் கீழே போய்ச் சேர்ந்திருந்தது.

இனி ஒரே ஒரு முறைதான். எனக்கும் மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் என் புருஷனின் அக்கா. ராத்திரி பகலாக உட்கார்ந்து, அவசியமான ஆங்கிலச் சொற்கள் ஆயிரம் என்று ஒரு பட்டியல் டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதோடு பழைய பேப்பர் கடையில் வாங்கிய தடிமனான அகராதி ஒன்றையும் கொடுத்தேன். நாலாம் நாள் பட்டியல் திரும்பி வந்தது. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். அகராதியில் முதலில் எதைப் பார்ப்பது என்று யோசித்தாராம். தெரியாததைத் தேடுவதற்கு முன், தெரிந்த ஒன்றைப் பார்த்து இந்தப் புத்தகம் யோக்கியமானதுதானா என்று சோதிக்கலாம் என்று 'செட்' என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார். ஒரு வரி இருக்கும் என்று நினைத்தால் பக்கம் பக்கமாகப் போயிருக்கிறது.

"பத்தொம்பது வருஷமா நான் கட்டுற வார்த்தை. எனக்குத் தெரியாமலே இத்தனை வீட்டுல குடியிருந்திருக்கு" என்றார் என்னிடம். துரோகம் செய்த சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

சிமெண்ட் இறுகினாலும் அதே சொல். சூரியன் மறைந்தாலும் அதே சொல். கடிகாரத்தில் மணி வைத்தால், சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்தால், முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தால், மோதிரத்தில் கல் வைத்தால், எல்லாம் 'செட்'. பக்கத்தில் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தால் ஆளே மாறிவிடுகிறது. 'செட் அவுட்' என்றால் புறப்படுவது. 'செட் அசைட்' என்றால் ஒதுக்கி வைப்பது. 'செட் பேக்' என்றால் பின்னால் தள்ளுவது. 'செட் இன்' என்றால் நோயோ மழையோ வந்து பிடித்துக்கொள்வது. இது முடியாமல் அடுத்த சொல்லுக்குப் போகப் போவதில்லை என்று எண்ணம்மா அறிவித்துவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தேர்வுக்கு ஏழு மாதம்தான் இருக்கிறது, ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதால் மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதை யார் படிப்பது என்று கேட்டேன். ஆயிரம் கத்தரியைத் தொட்டுப் பார்த்தவளுக்கு ஒன்றையும் பிடிக்கத் தெரியாது, ஒன்றை ஆயிரம் தரம் பிடித்தவள் கையில் எதுவும் நிற்கும் என்று பதில் வந்தது. அண்ணன் அவர் கட்சி. அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று ஒரு பழமொழியை எடுத்து விட்டார். வயலையே பார்த்திராத பெயிண்டர் எனக்கு உழவு சொல்லிக் கொடுக்கிறார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை. இயந்திரத்துக்குள் போகும் பொட்டலங்களில் ஒட்ட ஒரு டேப் உண்டு, சூடான ஆவி பட்டால் அதில் கோடுகள் கறுத்துவிடும். கிழிந்து குப்பைக்குப் போகும் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றிலும் ஓர் அர்த்தத்தை எழுதி, வீட்டில் அந்தந்த இடத்தில் ஒட்டினார். கடிகாரத்தில் ஒன்று. டிவியில் ஒன்று. சாயங்கால வெயில் விழும் ஜன்னலில் ஒன்று. அண்ணனின் சிமெண்ட் பூச்சுக் கரண்டியில் ஒன்று. அர்த்தத்துக்குக் கீழே, அதே வேலையைச் செய்யும் வேறு சொற்களையும் எழுதினார். புட், பிளேஸ், ஃபிக்ஸ், அரேஞ்ச் என்று. இங்கேதான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. இவை எல்லாம் ஒரே பொருள், எதைப் போட்டாலும் சரி என்றேன் நான். எனக்கு டைப்பிங்கோடு ஆங்கிலமும் தெரியும் என்ற நினைப்பு உண்டு.

"ஒரே வேலையைச் செய்யுற ரெண்டு கருவி கிடையாதும்மா" என்றார் எண்ணம்மா. "இருந்தா ரெண்டாவதை எதுக்கு வாங்கியிருப்பாங்க?"

அவர் கணக்கில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பிடி, ஒரு முனை. தூக்கிப் போட்டாலும் 'புட்'தான், அக்கறையோடு வைத்தாலும் 'புட்'தான். 'செட்' என்றால் அதற்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும், அந்த இடத்தில் சரியாக உட்கார வேண்டும். இப்படி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போய் வேறொரு அகராதியில் பார்த்தேன். அவர் சொன்னது கிட்டத்தட்ட சரியாக இருந்ததில் எனக்கு வயிறு எரிந்ததை மறைக்க மாட்டேன்.

அண்ணன் பங்குக்கு அவரும் கேட்டார். "நமக்குள்ள செட் ஆயிடுச்சுன்னு சொல்றோமே, அது அந்த புஸ்தகத்துல இருக்கா?" எண்ணம்மா மூன்று நாள் தேடினார். பொருந்திப் போவது என்ற அந்த அர்த்தம் கிடைக்கவில்லை. அது நம் ஆட்களாகச் சேர்த்துக்கொண்டது என்று முடிவு செய்து, அதற்கும் ஒரு டேப் எழுதினார். அண்ணன் அதைத் தன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

நாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது எண்ணம்மா திடீரென்று காய் நறுக்குவதை நிறுத்தினார். நான் அப்போதுதான் அண்ணனிடம் அடுக்கடுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். குடையை அங்கே வையுங்கள், எங்கள் சின்னவன் மனசு வைத்தால் நன்றாகப் படிப்பான், அவன் வாத்தியார் தினம் ஒரு பரீட்சை வைக்கிறார், அதைக் கேட்டு நான் மூக்கின் மேல் விரலை வைத்தேன், சரி போனை வைக்கிறேன் என்று என் அம்மா சொல்லிவிட்டார் என்று. எண்ணம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அஞ்சு 'வை' சொல்லிட்ட" என்றார். "நம்ம கிட்டயும் ஒரு எடுபிடி வார்த்தை இருக்கு. எல்லா வேலையையும் அதுதான் செய்யுது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

அதன் பிறகு அவருக்கு அந்தச் சொல் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. பெரிய பெரிய சொற்கள் எல்லாம் டாக்டர்கள் மாதிரி, ஒரு வேலைக்கு வந்து அந்த வேலையோடு போய்விடும், வீடு நடப்பது எடுபிடிச் சொற்களால்தான் என்பார். அந்தச் சொல்லின் தோளைப் பிடித்துக்கொண்டு மற்ற சொற்களும் கூடவே வந்தன. எலும்பு, கடிகாரம், ஈரம், மேசை, மறுபடியும், ஒதுக்கு, சரி, தப்பு. எழுபத்து மூன்று டேப் சேர்ந்தது. நான் கொடுத்த பட்டியலில் இருந்த சொற்களில் பாதிக்கு மேல் அவருக்கு வந்திருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். இவர் என் நாத்தனார் என்று நிர்வாக அதிகாரியிடம் முன்கூட்டியே சொன்னேன். நீ எழுதத்தானே போகிறாய், மார்க் போடப் போவதில்லையே, வாயைத் திறக்காமல் இருந்தால் சரி என்றார். மார்க் போடுகிறவர் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். ஏ.சி. அறையிலும் கோட்டைக் கழற்றாததால் நாங்கள் கோட்டுக்காரர் என்றோம். நம் மொழி அவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

செய்முறைக்காக ஸ்டீல் மேசையில் இரண்டு பொட்டலங்கள் வைத்திருந்தார்கள். பொட்டலத்தைக் கை படாமல் முறையாகப் பிரித்து, உள்ளே இருப்பதை ஆங்கிலத்தில் பேர் சொல்ல வேண்டும். முதலில் போனவர் டிப்ளமோ படித்த ஒரு தம்பி. ஆங்கிலம் அருவியாகக் கொட்டியது. கேள்விக்கு முன்னால் பதில் வந்தது. பொட்டலத்தை அழகாகப் பிரித்து, கடகடவென்று பேர் சொல்லி, வணக்கம் வைத்துவிட்டு வெளியே போனார். கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். எண்ணம்மா கதை இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எண்ணம்மா உள்ளே வந்தார். கைகழுவினார். மேசையிடம் போனார். பொட்டலத்தைப் பிரிப்பார் என்று பார்த்தால், இரண்டு கையாலும் தூக்கித் திருப்பி அடியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு மேசையின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "பிரிங்கம்மா. இது பரீட்சைக்கு வச்சது, பேஷண்டுக்கு இல்ல" என்றார்.

எண்ணம்மா அவரைப் பார்த்து, இந்த ஈட்டில் வெந்தது மொத்தம் எத்தனை பொட்டலம் என்று கேட்டார். பன்னிரண்டு. ஆறுவதற்குள் இயந்திரத்தைத் திறந்து எடுத்தீர்களா என்று கேட்டார். கோட்டுக்காரரைக் காக்க வைக்கக் கூடாதே என்று சீக்கிரம் எடுக்கச் சொன்னேன் என்றார் அதிகாரி. மீதிப் பத்து எங்கே என்று கேட்டார். ஸ்டீல் வண்டியில் அடுக்கி ஆப்பரேஷன் தியேட்டருக்கு அனுப்பியாகிவிட்டது.

எனக்கே புரிந்துவிட்டது. கொதிக்கக் கொதிக்க எடுத்த பொட்டலத்தைச் சில்லென்ற இரும்பின் மேல் வைத்தால் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு அது முதல் பாடம். மேலே உட்கார்ந்து உத்தரவு போடுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

என்ன பிரச்சினை என்று கோட்டுக்காரர் கேட்டார். அந்தம்மா பதற்றத்தில் இருக்கிறார்கள் சார், வேறொன்றுமில்லை என்று அதிகாரி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அந்த ஒரு பொய்யில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். நான் வாயைத் திறந்தால் விஷயம் மேலே போய்ச் சேரும், ஆனால் எண்ணம்மாவின் கடைசி வாய்ப்பு அங்கேயே செத்துப் போகும். எண்ணம்மா என்னைப் பார்க்காமலே கையை மட்டும் கீழே அமர்த்தினார். உட்கார் என்று அர்த்தம். உட்கார்ந்தேன்.

முதல் முறை நின்ற அதே நிற்பு. பேனாக்களை எண்ண ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு அவர் பொட்டலத்தைக் கோட்டுக்காரர் முன்னால் திருப்பிப் பிடித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"சார். திஸ் செட், ஐ செட் அசைட்" என்றார். இதை ஒதுக்கி வைக்கிறேன். "ஹாட் செட், கோல்ட் டேபிள். வாட்டர். டென் மோர் செட்ஸ் கோயிங் டு தியேட்டர். இன்ஃபெக்ஷன் வில் செட் இன். பேஷண்ட் வில் பி செட் பேக், செவன் வீக்ஸ். ப்ளீஸ், ஸ்டாப். ஐ வில் செட் இட் ரைட். ஒன் அவர்."

பத்துப் பொட்டலம் தியேட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, புண்ணில் நோய் வந்து பிடிக்கும், நோயாளி ஏழு வாரம் பின்னால் போவார், நிறுத்துங்கள், ஒரு மணி நேரத்தில் சரிசெய்து தருகிறேன். ஒன்றுகூட விடாமல் எல்லாம் வந்துவிட்டது. ஏழு வாரம் என்று ஏன் சொன்னார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதிக்கொண்டிருந்த காகிதம் எனக்கு மங்கலாகிவிட்டது.

கோட்டுக்காரர் எழுந்து வந்தார். ஈரத்தைத் தொட்டார். மேசையைத் தொட்டார். டிப்ளமோ தம்பி பிரித்துப் போட்ட துணியை எடுத்துப் பார்த்தார், அதிலும் ஈரம். அதிகாரியிடம் போனைக் காட்டினார். அதிகாரி தியேட்டருக்கு நம்பர் போட்டார். தியேட்டரில் முதல் நோயாளியை மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். பொட்டலம் இன்னும் பிரிக்கவில்லை. திருப்பிப் பார்த்ததில் பத்தில் ஏழு ஈரம்.

வண்டி கீழே திரும்பி வரும் சத்தம் கேட்டது. அப்புறம் கோட்டுக்காரர் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல, முதல் கேள்வியைக் கேட்டார். உன்னைப் பற்றிச் சொல்.

"ஐ செட் திங்ஸ் ரைட், சார்" என்றார் எண்ணம்மா. தப்பாக இருப்பதைச் சரியாக வைப்பவள் நான். அவ்வளவுதான் பதில். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்திருந்தாலும் கெட்டுப் போயிருக்கும்.

கோட்டுக்காரருக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். நீ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாயே, அதற்குப் பதிலாக 'புட்' என்று சொன்னால் ஆகாதா என்று கேட்டார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என்னோடு போட்ட சண்டைதான் இது. எண்ணம்மா முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

"புட் ஈஸ் ஒன்லி ஹேண்ட், சார். செட் ஈஸ் ஹேண்ட் அண்ட் ஐ."

கை மட்டும் வைத்தால் அது ஒன்று, கையோடு கண்ணும் சேர்ந்து வைத்தால் இது. கோட்டுக்காரர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மார்க் தாளில் இல்லை, சொந்த நோட்டில். இன்னும் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். இயந்திரம், வெப்பம், எண்ணிக்கை, ஆட்கள். சொல் கிடைக்காத இடத்தில் எண்ணம்மா அந்த எடுபிடியை அனுப்பினார். அது போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தது. போகும்போது கோட்டுக்காரர் என் மேசை அருகில் நின்று, இந்த அம்மாவுக்கு மொத்தம் எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும் என்று விசாரித்தார். முழுதாக ஒன்று தெரியும் சார் என்றேன். என் ஆயிரத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

பத்தாம் நாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதை டைப் அடித்தவள் நான்தான், ஆனாலும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று இன்னொரு முறை படித்தேன். கீழ்த்தளத்தில் கைதட்டல் நிற்க நேரமாயிற்று. இரண்டாம் முறை அந்தச் செய்தியைக் கேட்டுச் சிரித்தவர்களும் தட்டினார்கள், நான் முறைத்ததில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். டிப்ளமோ தம்பி அவரிடம் வந்து, "நான் திருப்பிக்கூடப் பாக்கல அக்கா. உங்க கிட்ட வேலை பாக்கறேன்" என்றார். அண்ணன் அன்று வேலைக்குப் போகாமல், எண்ணம்மா பதவியேற்கும் அந்த ஜன்னல் இல்லாத அறையின் கதவுக்குத் தன் கையால் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். அனுமதி வாங்காமல் அடித்தார். நிர்வாக அதிகாரி பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

முதல் நாள் காலை, பொறுப்பேற்பு ஆவணங்களில் கையெழுத்து வாங்க நான் கீழே போயிருந்தேன். எண்ணம்மா பேனாவைப் பிடித்து, தன் முழுப் பேரையும் எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு டாக்டர் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது, ஆனால் அவசரம் அப்படியே இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போன அதே டாக்டர். இப்போது அவர் பிரிவுக்கே தலைவர். அலமாரி ஓரத்தில், அப்போதுதான் இயந்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, தியேட்டரில் காத்திருக்கிறார்கள், கையெழுத்தைப் போடுங்கள் என்று பதிவேட்டை நீட்டினார்.

எண்ணம்மா எழுந்து போய், அவர் கையில் இருந்தபடியே பொட்டலத்தின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு, டாக்டர். இது போகாது. ஒரு மணி நேரம் ஆகும்."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது. பதிவேட்டில் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது, பேனா எண்ணம்மாவிடம் இருந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆங்கிலத்துக்கும் போகவில்லை. மேசையின் ஓரத்தைக் காட்டி, "அங்க வைங்க, டாக்டர்" என்றார்.

டாக்டர் வைத்தார்.